‘முல்லைத்தீ’ எண்டு வந்த துண்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பரந்தனில இருந்து எழுதுறன். போன கிழமை உங்கட பேப்பரில பிள்ளையளுக்கு எந்தக் கொம்பியூட்டர் மொழி படிப்பிக்கிறது நல்லது எண்டு ஒரு முழுப்பக்கம் வந்தது, ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லியிருந்தினம், ஒருத்தர் பைதன் மட்டும் காணும் எண்டார், இன்னொருத்தர் ஜாவா தெரியாட்டி வேலை கிடையாது எண்டார், சி எல்லாம் அப்பாமார் காலத்துச் சாமான் அதை விட்டிட்டு வாங்கோ எண்டும் ஒருத்தர். எல்லாத்தையும் வாசிச்சிட்டு தேத்தண்ணி ஆறுமட்டும் யோசிச்சன், இந்த மொழியள் எல்லாம் ஒவ்வொரு வளவுக்குள்ள வேலி அடைச்சுக்கொண்டு தனித்தனியா சீவிக்கிற மாதிரியெல்லோ இவை கதைக்கினம். ஒரு மொழியில எழுதின வேலையை இன்னொரு மொழியில இருந்து கூப்பிட்டுச் செய்விக்கிறதுதான் இண்டைக்கு எல்லா இடமும் நடக்குது, உங்கட கையில இருக்கிற போனுக்குள்ளயும் அதுதான் நடக்குது, அந்தப் பக்கத்தில அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் பெரிய விண்ணன் எல்லாம் இல்லை. ரியூசனில ஏஎல் பிள்ளையளுக்கு ஐசிடி படிப்பிக்கிறன், மிச்ச நேரத்தில கடையளுக்கு பில் போடுற புரோகிராம் எழுதிக் குடுக்கிறன். இரண்டு வருசத்துக்கு முதல் காலபோக அறுவடை நேரம் ஒரு அரிசி ஆலைக்கார அண்ணை கூப்பிட்டார். நெல்லோட வாற லொறியை அப்பிடியே மேல ஏத்தி நிறுக்கிற தராசு வாங்கிப் போட்டிருக்கிறார், அதில வாற நிறையை கொம்பியூட்டர் தானா எடுத்து துண்டு அடிச்சுக் குடுக்கவேணும், கையால எழுதேக்க ஆறை எட்டாக்கிப் போடுறாங்கள் தம்பி எண்டார். தராசு வித்த கொம்பனி (பேர் வேண்டாம்) தராசோட கதைக்கிறதுக்கு ஒரு டிஎல்எல் பைல் (மற்றப் புரோகிராமுகள் கூப்பிட்டுப் பாவிக்கிறதுக்கு ஆயத்தமாத் தொகுத்து வைச்ச புரோகிராம் பகுதி) குடுத்திருந்தது, சி மொழியில எழுதினது, அதோட இரண்டு பக்க இங்கிலிஷ் கடதாசி. எனக்குத் தெரிஞ்சது பைதன். சரி பைதனில சிடைப்ஸ் எண்டு ஒரு சாமான் இருக்கு, 2006-இல வந்த 2.5 பதிப்பில இருந்து பைதனோடயே சேர்ந்து வருது, அதால சியில எழுதின பங்சனை நேர கூப்பிடலாம், அரை நாள் வேலை எண்டு முதலாளியிட்ட வாய் குடுத்திட்டன். (பங்சன் எண்டால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தாற புரோகிராம் பகுதி, கணக்குப் புத்தகத்தில சார்பு எண்டு போட்டிருக்கும், நாங்கள் பங்சன் எண்டுதான் சொல்லுறது, வீட்டில ஒருக்கா போனில “அந்த பங்சனுக்கு என்ன குடுக்கவேணும்” எண்டு கதைச்சுக்கொண்டிருக்க அம்மா வந்து ஆற்ற சாமத்தியவீடு எண்டு கேட்டவ.)

அரை நாள் எண்டது மூண்டு கிழமை ஆச்சுது.

முதல் நாள் அந்த டிஎல்எல் திறக்கவே இல்லை. விண்டோஸ் 193 எண்டு ஒரு எரர் நம்பரைக் காட்டி இது சரியான வின்32 அப்ளிகேசன் இல்லை எண்டு சொல்லுது. பைல் பழுதாக்கும் எண்டு நினைச்சு கொம்பனிக்கு போன் எடுத்து சண்டையும் பிடிச்சன். பேந்து பார்த்தால் அவங்கட டிஎல்எல் 32 பிட், என்ர பைதன் 64 பிட், ஒரே புரோகிராமுக்குள்ள இரண்டும் ஒண்டா இருக்கேலாது. 32 பிட் பைதனை வேறயா இறக்கிப் போட்டாப்பிறகுதான் கதவு திறந்தது.

திறந்த உடன இன்னொரு கேள்வி. 32 பிட் விண்டோஸில பங்சன் கூப்பிடுறதுக்கு இரண்டு வழக்கம் இருக்கு, ஒண்டுக்குப் பேர் சிடெக்ல், மற்றதுக்கு எஸ்டிடிகோல். என்ன வித்தியாசம் எண்டால், கூப்பிடுறவன் குடுக்கிற பெறுமதியளை ஸ்டாக் எண்ட இடத்தில அடுக்கி வைக்கிறான், வேலை முடிஞ்சாப்பிறகு அதை ஆர் துப்புரவாக்கிறது? பந்தியில சாப்பிட்டு முடிய இலையை சாப்பிட்டவர் எடுக்கிறதோ பந்தி வைச்ச வீட்டுக்காரர் எடுக்கிறதோ எண்ட மாதிரி, இரண்டு ஊரில இரண்டு வழக்கம், இரண்டும் பிழை இல்லை, ஆனா இரண்டு பேரும் ஒரு வழக்கத்தில நிக்கோணும். ஒராள் மற்றவர் எடுப்பார் எண்டு விட்டால் இலை கிடக்கும், இரண்டு பேரும் எடுக்கப் போனால் பக்கத்து ஆளின்ர இலையும் சேர்ந்து போகும். அந்த இரண்டு பக்கக் கடதாசியில இது ஒரு சொல் இல்லை, இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சன்.

பேந்து நிறை. தராசில ஒரு லொறி 8,460 கிலோ எண்டு சிவப்பு எழுத்தில நிக்குது, என்ர திரையில பதினாலு கோடிச் சொச்சம். திரும்ப எடுத்தால் வேற கோடி. முதலாளி அண்ணை எட்டிப் பார்த்திட்டு, “தம்பி, இந்தக் கணக்குக்கு நான் காசு குடுக்கிறதெண்டால் ஆலையை வித்தாலும் காணாது” எண்டார். இது எல்லாரும் ஒருக்கா எண்டாலும் விழுகிற கிடங்கு, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். சியில எழுதின பங்சன் நிறையை தசமத்தோட, டபுள் எண்ட வகையில திருப்பித் தருது. ஆனா டிஎல்எல் பைலுக்குள்ள “நான் டபுள் தருவன்” எண்டு எங்கயும் எழுதியிருக்காது, உள்ள இருக்கிறது பங்சனின்ர பேரும் அது தொடங்கிற இடமும்தான். சிடைப்ஸுக்கு நீங்கள் சொல்லாட்டி அது வாறது முழு எண் எண்டுதான் நினைக்கும், அதுதான் அதின்ர வழமை. சிப்புக்குள்ள முழு எண்ணை வைக்கிற இடம் வேற, தசம எண்ணை வைக்கிற இடம் வேற. சிக்காரன் கிழக்கு வாசலில நெல்லை இறக்கிப்போட்டு போறான், பைதன்காரன் மேற்கு வாசலில போய் அங்க ஆரோ விட்டிட்டுப் போன குப்பையை அள்ளிக்கொண்டு வந்து இதுதான் நிறை எண்டு காட்டுறான். இரண்டு பேரும் தங்கட கணக்கில சரியாத்தான் செய்தவை, அதால எரரும் வராது. ரெஸ்டைப் எண்ட ஒரு வரியில இது டபுள் எண்டு எழுதிவிட்டன், 8,460 கிலோ அச்சொட்டா வந்து நிண்டுது. ஒரு வரிதான் ஐயா. இப்ப பெடியள் ஏஐயிட்ட கேட்டு எழுதுறம் எண்டினம், நானும் கேட்டனான், எனக்கு எழுதித் தந்ததிலயும் அந்த வரி இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டால், மொழியளுக்கு நடுவில இருக்கிற இந்தப் படலையடியில காவல்காரன் இல்லை. பைதனுக்குள்ள பிழை விட்டால் பைதன் இந்த வரியில இந்தப் பிழை எண்டு சொல்லும், சிக்குள்ள விட்டால் கொம்பைலர் (எழுதினதை மெசினுக்கு விளங்கிற மாதிரி மாத்திற சாமான்) கொஞ்சமெண்டாலும் கத்தும், நடுவில விட்டால் ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம். எதை எங்க வைக்கிறது எண்ட ஒப்பந்தமும் ஊருக்கு ஊர் மாறும், அதே 64 பிட் சிப்தான், லினக்ஸில முதல் 6 முழு எண்ணும் சிப்புக்குள்ள இருக்கிற ரெஜிஸ்டரில போகும், விண்டோஸில முதல் 4 தான் போகும். சியில லோங் எண்ட முழு எண் வகையை எழுதினால் அதுக்கு 64 பிட் லினக்ஸில 8 பைட் இடம், விண்டோஸில 4. அங்க ஓடினது இங்க ஓடேல்ல எண்டால் பேய் பிசாசு இல்லை, இதுதான்.

இப்ப சி பழசு எண்டு எழுதினவருக்கு ஒரு கதை. எங்கட நாட்டு அரசியலமைப்பில 1987-இல வந்த 13வது திருத்தம் என்ன சொல்லுது, சிங்களம் அரசகரும மொழி, தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. நடைமுறையில எங்களுக்கு வாற கடிதங்கள் எந்த மொழியில வருது எண்டது வேற கதை, அதை இன்னொரு கடிதத்தில எழுதுறன். ஆனா கொம்பியூட்டருக்குள்ள அந்த இணைப்பு மொழி இடத்தில இருக்கிறது சிதான். பத்து மொழி இருக்கு, ஒவ்வொண்டும் மற்ற எல்லாத்தோடயும் நேர கதைக்கிறதெண்டால் 45 சோடிக்கு தனித்தனிப் பாலம் கட்டோணும், எல்லாரும் சி கூப்பிடுற மாதிரி கூப்பிடப் பழகினால் 10 பாலம் காணும். அதால 2015-இல முதல் பதிப்பு வந்த ரஸ்ட் எண்ட மொழியும் வெளியில கதைக்கேக்க சியின்ர ஒப்பந்தத்திலதான் கதைக்குது, ஜாவா 1997-இலயே ஜேஎன்ஐ எண்டு ஒரு வழி வைச்சு சியோட கதைக்கத் தொடங்கிட்டுது, அது கரைச்சல் எண்டு ஆக்கள் குழறிக் குழறி 2024 மார்ச்சில ஜாவா 22-ஓடதான் அதைவிட லேசான ஒரு வழி நிரந்தரமா வந்தது. சியின்ர சொந்தத் தம்பி சி++ கூட வெளியில வரேக்க “எக்ஸ்டேர்ன் சி” எண்டு போட்டுத்தான் வரோணும், ஏன் எண்டால் சி++ல ஒரே பேரில இரண்டு மூண்டு பங்சன் வைக்கலாம், அதைப் பிரிச்சறிய கொம்பைலர் உள்ளுக்க பேரை மாத்திப்போடும், வீட்டுப்பேரைச் சொல்லி பள்ளிக்கூடத்தில தேடினால் ஆள் இல்லை எண்டுதானே சொல்லுவினம். ஆரும் இண்டைக்குப் புதுசா சியில முழுப் புரோகிராமும் எழுதுங்கோ எண்டு நான் சொல்லேல்ல. ஆனா செத்துப்போச்சு எண்டு சொல்லுற மொழியின்ர முற்றத்திலதான் மற்ற எல்லாரும் சந்திக்கினம்.

பைதன் காணும் எண்டவருக்கும் ஒண்டு. பைதனில கணக்கு வேகமா ஓடுது எண்டு எல்லாரும் புகழுற நம்பை எண்ட கணக்குத் தொகுப்பு இருக்கெல்லோ, அதின்ர வயிற்றுக்குள்ள இருக்கிறது சி. அதில சமன்பாட்டுத் தொகுதி ஒண்டைத் தீர்க்கச் சொன்னால் அது கீழ போய் கூப்பிடுறது லாபாக் எண்ட இன்னொரு கணக்குத் தொகுப்பை, 1992-இல வெளிவந்தது, போர்ட்ரானில எழுதினது, போர்ட்ரான் ஐபிஎம்மில இருந்து 1957-இல வந்த மொழி. எங்கட பெடியன் ஒருத்தன் அறிவியல் நகரில பொறியியல் பீடத்தில இருந்துகொண்டு மூண்டு வரி பைதன் எழுதேக்க அவன்ர அப்பப்பா வயசு மொழி ஒண்டு பின்னால நிண்டு வேலை செய்யுது, அவனுக்கு அது தெரியாது. தெரியாமல் இருந்தாலும் பிழை இல்லை, ஒருநாள் அணி (எண்ணுகளை நிரையும் நிரலுமா அடுக்கின கட்டம்) எல்லாம் பக்கவாட்டில புரண்டு வரும்வரைக்கும். போர்ட்ரான் அணியை நிரல் நிரலா அடுக்கும், சி நிரை நிரையா அடுக்கும், ஒரே வயலை ஒருத்தர் நீளப்பாட்டுக்கும் மற்றவர் குறுக்கப்பாட்டுக்கும் நாத்து நட்ட மாதிரி.

திரும்ப ஆலைக்கு வாறன். நிறை சரியா வந்தாப்பிறகு, லொறி தராசில ஆடாமல் நிண்ட உடன டிஎல்எல் தானா என்ர பைதன் பங்சனைக் கூப்பிடுற மாதிரிச் செய்தன். அதாவது இப்ப சி பைதனைக் கூப்பிடுது. முதல் நாலு லொறி நல்ல வடிவா ஓடிச்சுது, அஞ்சாவதுக்கு புரோகிராம் சத்தம் போடாமல் மறைஞ்சுபோச்சு, ஒரு எரர் இல்லை ஒரு அறிக்கை இல்லை. திரும்பப் போட்டால் இந்தமுறை ஒன்பதாவது லொறியில. கரண்ட் எண்டன், வயர் எண்டன், தராசுக்காரனையும் திட்டினன். பேந்துதான் பைதனுக்குள்ளயே புரோகிராம் விழேக்க எந்த வரியில விழுந்தது எண்டு காட்டுற போல்ட்ஹேண்ட்லர் எண்டு ஒண்டு இருக்கு எண்டு தெரியவந்து அதை போட்டுப் பிடிச்சன். விசயம் என்ன எண்டால், நான் பைதன் பங்சனின்ர விலாசத்தை சியிட்ட குடுத்திட்டன், ஆனா பைதன் பக்கத்தில அதை ஒரு மாறியில பிடிச்சு வைக்கேல்ல, இதை ஆரும் பாவிக்கேல்ல எண்டு பைதன் அதைக் கலைச்சுப்போட்டுது. சியிட்ட விலாசம் அப்பிடியே இருக்கு. வன்னி ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, கடதாசியில விலாசம் இருக்கும், போய்ப் பார்த்தால் வீடு இருக்காது. கொஞ்ச நாளைக்கு அந்த இடத்தில மண் கலையாமல் கிடக்கும், அதுதான் அந்த நாலு லொறி.

இதோட சேர்த்து நினைவகக் கதை ஒண்டும் இருக்கு, கெதியாச் சொல்லிப்போட்டு விடுறன், சி எடுத்துத் தந்த இடத்தை சியிட்டயே திருப்பிக் குடுக்கோணும், நாங்கள் எங்கட பாட்டுக்கு விடுவிக்கக்கூடாது. அதோட சும்மா சும்மா எல்லை தாண்டவும் கூடாது, ஒருதரம் கூப்பிடுறதுக்கே ஒரு செலவு இருக்கு, பத்துத் தேங்காய்க்கு பத்துத்தரம் சந்தைக்குப் போறவன் இல்லையே, முழு அணியையும் ஒரே தரத்தில குடுத்து வாங்கவேணும். நம்பை வேகமா இருக்கிற இரகசியத்தில பெரிய பங்கு இதுதான்.

கடைசியா வந்ததுதான் தலைப்பில இருக்கிறது. டிஎல்எல் ஒவ்வொரு நிறுவையையும் ஊர்ப்பேரோட ஒரு பைலில எழுதி வைக்கும், நான் அதைத் திரும்ப வாசிச்சு துண்டு அடிப்பன். கிளிநொச்சி எண்டு கிளிநொச்சி லொறிக்கெல்லாம் சரியா வந்துது, இரண்டு கிழமையா ஒரு குறையும் இல்லை. ஒருநாள் முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து ஒரு லொறி வந்தது, துண்டில “முல்லைத்தீ” எண்டு அடிச்சு பக்கத்தில ஒரு கறுப்புக் கட்டத்துக்குள்ள கேள்விக்குறி. டிரைவர் அதை வாசிச்சிட்டு, “என்ன தம்பி, எங்கட ஊருக்கு நீங்களும் தீ வைச்சிட்டியளோ” எண்டார். அவர் சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர். எனக்கு சிரிப்பு வரேல்ல.

அண்டிரவு இருந்து விரல் விட்டு எண்ணினன். கிளிநொச்சி எண்டால் எங்களுக்கு 5 எழுத்து. யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கிற பட்டியல்) கணக்கில கொம்பு விசிறி குத்து எல்லாம் வேற வேறயா எண்ணினால் 10 குறி. அந்தக் குறியளை பைலில சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், அப்ப 30 பைட். முல்லைத்தீவு எண்டால் 6 எழுத்து, 12 குறி, 36 பைட். அந்த டிஎல்எல் எழுதினவர் ஊர்ப்பேருக்கு 32 பைட் ஒதுக்கியிருக்கிறார், அதில கடைசி ஒண்டு பேர் முடிஞ்சுது எண்டு காட்டுற பூச்சியத்துக்குப் போகும், மிச்சம் 31. கிளிநொச்சி ஒரு பைட் மிச்சத்தோட உள்ள போய்ட்டுது. முல்லைத்தீவில முதல் 30 பைட்டுக்குள்ள சரியா “முல்லைத்தீ” மட்டும் நிண்டுது, 31வது பைட் ‘வ’வின்ர மூண்டில ஒரு பங்கு, அது ஒரு எழுத்தாவும் இல்லை ஒண்டுமாவும் இல்லை, அதுதான் அந்தக் கறுப்புக் கட்டம். புதுக்குடியிருப்பு 54 பைட், அது வந்திருந்தால் என்ன கோலத்தில வந்திருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரேல்ல, இங்கிலிஷில எழுதினால் முல்லைத்தீவுக்கு 10 பைட்டும் கிளிநொச்சிக்கு 11 பைட்டும் காணும், 32 எண்டது அவருக்கு தாராளம், உலகத்தில எல்லா எழுத்தும் ஒரு பைட் எண்டு நினைச்சு எழுதின ஆள். இதிலயும் அவர் நல்லவர், 31-ஓட வெட்டி விட்டார், வெட்டாமல் அப்பிடியே கொட்டியிருந்தால் மிச்ச பைட் பக்கத்தில இருந்த நிறைக்கு மேல போய் விழுந்திருக்கும், அப்ப முதலாளிக்குத்தான் தீ.

திருத்தினது லேசு. டிஎல்எல்லுக்கு ஊர்ப்பேர் குடுக்கிறதையே விட்டிட்டன், ஒரு நம்பர் மட்டும் குடுக்கிறன், தமிழ்ப்பேர் எல்லாம் இந்தப் பக்கத்தில எஸ்கியூலைட் எண்ட தரவுத்தளத்தில இருக்கு. அந்த எஸ்கியூலைட்டும் சியில எழுதினதுதான், பைதனில இருந்து கூப்பிடுறம், ஒருநாளும் கரைச்சல் தரேல்ல, ஏன் எண்டால் நடுப்படலையை எழுதினவை வடிவா யோசிச்சு எழுதியிருக்கினம்.

ஐயா, எங்கட பிள்ளையள் ஓஎல்லில பாஸ்கல் படிச்சு ஏஎல்லில பைதனுக்கு வருகினம், இரண்டையும் ஒண்டோட ஒண்டு சேர்த்து ஆரும் காட்டுறேல்ல. நான் போன மாசம் என்ர வகுப்பில ஒரு பாடத்தை இதுக்கு ஒதுக்கினன், சியில நாலு வரி, இரண்டு தசம எண்ணைப் பெருக்கிறது, ஜிசிசி எண்ட கொம்பைலரால தொகுத்து பைதனில இருந்து கூப்பிட்டுக் காட்டினன், பிறகு வேணுமெண்டே ரெஸ்டைப் வரியை அழிச்சன். குப்பை எண் வந்த உடன பின் வாங்கில இருக்கிற பெடியள் கூட எழும்பி வந்திட்டினம். அதுக்கு விலை கூடின மெசின் ஒண்டும் தேவைப்படேல்ல, பழைய லப்டொப் ஒண்டு காணும். மற்ற ரீச்சர்மாரும் சேர்மாரும் ஒருக்கா செய்து பாக்கட்டும், செய்ய விரும்பினால் அந்த நாலு வரியையும் உங்கட பேப்பருக்கே அனுப்பி வைக்கிறன், அடுத்த முறை அந்தப் பக்கம் போடேக்க ஒரு மூலையில போடுங்கோ.

இப்படிக்கு,
ரியூசன் வாத்தி ஒருவன்,
பரந்தன்.

பி.கு.: கடிதம் நீண்டுபோச்சு எண்டு தெரியும், இடம் காணாட்டி எங்க வேணுமெண்டாலும் வெட்டுங்கோ, முல்லைத்தீவில மட்டும் கை வைச்சிடாதேங்கோ.